காற்றடித்தபடி சொன்ன உண்மைகள்

எங்கள் ஒழுங்கையில் ஒரு கலியாணம் சரிவருமா வராதா என்பதைச் சாத்திரியார் தீர்மானிப்பதாகத்தான் எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள். அது சும்மா கதை. தீர்மானித்தது ஒழுங்கை முகப்பில் இருந்த முதல் வீடு.

சாதகக் குறிப்புப் பொருந்தி, படம் பார்த்து, இரண்டு பகுதியும் தலையாட்டிய பிறகும் யாழ்ப்பாணத்தில் ஒரு காரியம் மிச்சமிருக்கும். விசாரிப்பது. மாப்பிள்ளை பகுதியில் ஒருவர் சத்தம்போடாமல் பொம்பிளையின் ஊருக்கு வருவார். பொம்பிளை வீட்டுக்குப் போகமாட்டார். ஒழுங்கை முகப்பில் இறங்கி, வழி கேட்கிற சாட்டில் கதை தொடங்குவார். "உதுக்குள்ளை இன்னார் வீடு எது?" அடுத்த கேள்வி, "எப்பிடி, நல்ல ஆக்களோ?" இதற்கு எல்லா ஊரிலும் ஒரே பதில்தான் உண்டு. "எங்களுக்குத் தெரிஞ்ச அளவிலை நல்ல சனம்." இதில் ஒரு சொல்லைக் கூட்டினாலும் குறைத்தாலும் கலியாணம் குழம்பிவிடும். கலியாணம் குழப்பினவன் என்று பெயர் எடுப்பதைவிடக் கோயில் உண்டியலில் கை வைத்தவன் என்று பெயர் எடுக்கலாம்.

முதல் வீட்டு மாமாவுக்கு அந்த ஒரு வசனம் மட்டும் வாயில் வராது.

பொய் சொல்லமாட்டார் என்றால் ஏதோ பெரிய கொள்கை போலத் தோன்றும். கொள்கையும் இல்லை, விரதமும் இல்லை. சிலருக்கு விசிலடிக்க வராது. சிலருக்கு நீந்த வராது. அவருக்குப் பொய் வராது. தென்பகுதி நீதிமன்றங்களில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் அச்சொட்டாகத் திருப்பிச் சொல்வது வேலை. அதைப்பற்றிக் கேட்டால் முகத்தை ஒருவிதமாக வைத்துக்கொண்டு சொல்வார்.

"மற்றவையின்ரை பொய்யளை முப்பது வருசம் ரண்டு பாஷையிலை சொல்லியிருக்கிறன் பிள்ளை. சொந்தமா ஒண்டு சொல்லிப் பாக்க நேரம் கிடைக்கேல்லை."

எங்கள் வீடு அவருடைய வீட்டுக்கு அடுத்தது. இடையில் ஒரு குட்டி மதில். அம்மா வடை சுட்டால் நாலு வடை மதிலுக்கு மேலால் போகும். வெறும் தட்டு திரும்பி வரும்போது தீர்ப்பும் சேர்ந்து வரும். ஒருமுறை, "உப்புச் சரி தங்கச்சி. மற்றதெல்லாம் பிழை" என்றார். அம்மா இரண்டு கிழமை அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் கிழமை கோபத்தோடு உளுந்து ஊறப்போட்டு, கோபத்தோடு அரைத்து, கோபத்தோடே கொடுத்தனுப்பினார். "இண்டைக்கு நல்லாயிருக்கு" என்று பதில் வந்தது. அம்மாவின் முகத்தை அன்று பார்த்திருக்கவேண்டும். அப்பா முப்பத்தைந்து வருடமாகச் சொன்ன "நல்லாயிருக்கு" எல்லாவற்றையும் அந்த ஒன்றுக்கு ஈடாக அம்மா தூக்கி எறிந்திருப்பார்.

எல்லோரும் அம்மா மாதிரி இல்லை. நீர்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் வெளிநாட்டில் உழைத்து வந்த ஒருவர் இரண்டு மாடி கட்டிப் பால் காய்ச்சினார். வந்தவர்கள் எல்லாம் படிக்கட்டைப் புகழ்ந்தார்கள், மாபிளைப் புகழ்ந்தார்கள். வீட்டுக்காரர் மாமாவின் தோளைப் பிடித்து, "ஐயா ஒண்டும் சொல்லேல்லை" என்றார். சொல்லாமல் விட்டிருக்கலாம். மாமா அண்ணாந்து பார்த்து, குனிந்து பார்த்து, "குசினி ஜன்னலைத் திறந்தால் கக்கூசு" என்றார். அங்கிருந்த நாற்பது பேரும் குசினி ஜன்னலைப் பார்த்தார்கள். அந்த ஜன்னல் அதற்குப் பிறகு திறக்கப்படவேயில்லை.

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டைத்தான் கடவுள் ஒழுங்கை முகப்பில் கொண்டுபோய் வைத்திருந்தார்.

ஒருமுறை எங்கள் ஒழுங்கைப் பொடியன் ஒருவனை விசாரிக்கப் பொம்பிளை பகுதியார் வந்தார்கள். "குடி, கிடி ஏதும் உண்டோ ஐயா?" மாமா யோசித்தார். பொய் வராது. பொடியனைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. அவனில் உள்ள நல்லதைத் தேடி எடுத்துச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமையிலை குடிக்கமாட்டான்."

கலியாணம் அந்த நிமிடமே முறிந்தது. பொடியனின் தாய் வந்து மாமாவின் வாசல் படலையில் நின்று மண்ணள்ளித் தூற்றினார். மாமா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றார். "அவன் வெள்ளிக்கிழமை குடிக்கிறவனெண்டால் சொல்லுங்கோ, நான் போய்த் திருத்திச் சொல்லுறன்" என்றுதான் திருப்பிச் சொன்னார். தாய்க்கு அதற்குப் பிறகு மண் போதவில்லை.

அன்றிலிருந்து தெரியாத மோட்டச்சைக்கிள் ஒன்று முகப்பில் வந்து நின்றால் மாமா பின்பக்கத்தால் வாழைத்தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார். தென்னந்தும்புத் தொப்பி மட்டும் வாழைகளுக்கு இடையில் தெரியும். வந்தவர்கள் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அம்மா அந்த வசனத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பார். ஒழுங்கை இப்படித்தான் கொஞ்சக்காலம் தப்பிப் பிழைத்தது.

பிறகுதான் அந்த மெசின் வந்தது.

மாமாவின் மனைவி காலமாகிப் பல வருடம். ஒரே மகள் டென்மார்க்கில். தகப்பன் பழைய மோட்டச்சைக்கிளைக் காற்றடிக்கச் சந்திவரை தள்ளிக்கொண்டு போகிறார் என்று கேள்விப்பட்டு ஒரு கொம்பிரசர் அனுப்பியிருந்தாள். ஒரு இறாத்தல் பாண் அளவுதான் இருக்கும். முன்னால் இலக்கம் காட்டும் சின்னக் கண்ணாடி. எவ்வளவு காற்று வேண்டும் என்று இலக்கத்தை வைத்துவிட்டால், அந்த இலக்கம் வந்ததும் தானாகவே நின்றுவிடும். கார் ஒன்றில் செருகிப் பாவிக்கிற சாமான் அது. மாமாவிடம் கார் இல்லை. பழைய கார் பற்றரி ஒன்றை எங்கோ தேடி எடுத்து, இரண்டு கிளிப் போட்டு அதில் பூட்டிக்கொண்டார். உருவம் பாண், சத்தம் இரண்டு சில்லு உழவு மெசின். முதல் நாள் போட்டபோது ஒழுங்கையில் இருந்த கோழிகள் எல்லாம் எங்கள் மாமரத்தில் ஏறின.

மாமாவுக்கு அதில் ஒரு பைத்தியம் பிடித்தது. யாருடைய ரயரையும் சும்மா போக விடமாட்டார். பெருவிரலால் ஒரு அமத்து. "இருவத்திரண்டு." குழாயைப் பூட்டினால் கண்ணாடியில் இருபத்திரண்டு நிற்கும். தபால்காரரின் சைக்கிள், பால்காரரின் சைக்கிள், ஐயரின் ஸ்கூட்டி எல்லாவற்றுக்கும் எவ்வளவு என்று அவருக்கு மனப்பாடம். காசு வாங்கமாட்டார். ஆனால் அவர் "சரி" என்று சொல்லும்வரை நீங்கள் அசையக்கூடாது.

ஒருநாள் பின்னேரம் என் ஸ்கூட்டிக்குக் காற்றடிக்க அவருடைய முற்றத்தில் நின்றேன். தனியார் வகுப்பில் இரசாயனவியல் படிப்பிக்கிறவள் நான். ஐந்து மணி வகுப்புக்குப் பிந்திக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தென்மராட்சிப் பக்கத்து ஆள் ஒருவர் மோட்டச்சைக்கிளில் வந்து இறங்கினார். முகத்தைப் பார்த்தவுடனேயே தெரிந்தது, விசாரிக்க வந்த முகம். வாழைத்தோட்டத்துக்கு ஓட மாமாவுக்கு வழியில்லை. குழாய் என் ரயரில் பூட்டியிருக்கிறது. மெசின் கத்திக்கொண்டிருக்கிறது. வந்த ஆள் கிட்ட வந்து மூன்றாம் வீட்டுப் பெட்டையைப்பற்றிக் கேட்டார்.

மாமா மெசினைப் பார்த்தபடியே பதில் சொன்னார். நான் பக்கத்தில் குந்தியிருந்தபடியால் எனக்குக் கேட்டது.

"தங்கமான பிள்ளை. கோவம் வந்தால் மட்டும் சாப்பாட்டுக் கோப்பையைக் கிணத்துக்குள்ளை எறியும். இதுவரைக்கும் மூண்டு."

வந்தவர் சிரித்துக்கொண்டு, "ஓமோம்" என்று தலையாட்டினார். இன்னும் இரண்டு தரம் "ஓமோம்" சொன்னார். வந்த வழியே போனார். அடுத்த மாதம் கலியாணம் நடந்தது.

எங்கள் ஆட்களின் மரியாதை அது. சொன்னது காதில் விழவில்லை என்றால் மறுபடி கேட்கமாட்டோம். ஓமோம் என்போம். இது தெரியாத ஆளா மாமா? அந்தக் கலியாண வீட்டில் என் பக்கத்துக் கதிரையில் இருந்து வடை சாப்பிட்ட மாமாவைக் கேட்டேன்.

"அவருக்குக் கேக்கேல்லை என்ன, மாமா?"

"நான் சொன்னனான்" என்றார். "சொல்லுறதுதான் என்ரை வேலை. கேக்கிறது அவற்றை வேலை."

அதற்குப் பிறகு அவர் தோட்டத்துக்குள் ஓடவில்லை. விசாரிக்க வருகிறவர்களைப் படலையிலேயே வரவேற்பார். "உங்கடை பின் ரயரிலை காத்துக் குறைவு போலை கிடக்கு" என்பார். குறைவாகத்தான் இருக்கும். குறையாவிட்டால், பார்க்கிற சாட்டில் வால்வை அமத்திக் கொஞ்சம் குறைய விடுவார். அப்போது அந்த ரயரில் காற்றுக் குறைவு என்பது பொய் இல்லைத்தானே. மெசின் கத்தத் தொடங்கியதும் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார். ஒளிவு மறைவில்லாமல், விபரமாக, ஆண்டவனுக்கு முன் சொல்வதுபோலச் சொல்வார். வந்தவர்கள் ஓமோம் என்பார்கள்.

ஒருவர் மட்டும் கொஞ்சம் விவரமானவர். "ஐயா, உதை ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுக் கதையுங்கோவன்" என்றார்.

"நிப்பாட்டலாம் தம்பி" என்றார் மாமா. "எனக்கு விருப்பமில்லை."

ஆறு கலியாணம் அந்தச் சத்தத்துக்குள் ஒப்பேறியது. எங்கள் ஒழுங்கை அம்மாக்கள் கெட்டிக்காரிகள். வீட்டில் கலியாணப் பேச்சுக்கால் நடக்கிறது என்றால் முதல் வேலையாக மாமாவின் படலைக்கு வந்து, "அண்ணை, பற்றரியிலை சார்ஜ் இருக்கோ?" என்று கேட்பார்கள். ஒருவர் பற்றரியைத் தன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்ததும் உண்டு. எனக்கு இதெல்லாம் பெரிய பகிடி. என் முறை வரும்வரை.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. அதற்கு மூன்று வருடம் முன்பு எனக்கு ஒரு கலியாணம் பேசி, அழைப்புக் காட் அடித்து, மண்டபம் பிடித்து, பதினொரு நாள் இருக்கும்போது நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை லண்டன். தினமும் வீடியோவில் கதைப்பார். கதைத்து முடிந்ததும், அறையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்க்கப் போனைச் சுற்றிக் காட்டச் சொல்வார். முதல் நாள் விளையாட்டு என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் அலுமாரிக்குப் பின்னாலும் காட்டச் சொன்னார். போனை அலுமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போய் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஊர் சொன்னது. யார் நிறுத்தியது, ஏன் நிறுத்தியது என்பதெல்லாம் ஊருக்குத் தேவையில்லை. கலியாணம் நிண்ட பிள்ளை, அவ்வளவுதான். மூன்று வருடமாக எங்கள் படலைக்குள் ஒரு குறிப்பும் வரவில்லை.

பிறகு இவர் வந்தார். சாவகச்சேரிக்காரர், விவசாயப் போதனாசிரியர். வாழைக்கு நோய் பார்க்க எங்கள் பக்கம் வருவார். வாழைக்கு நோய் இல்லாத நாட்களிலும் வரத் தொடங்கினார். நடந்ததை எல்லாம் நானே அவரிடம் சொன்னேன். "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை" என்றார். நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்றே மூன்று மாதம் போனது. அழுகின வாழைக்கிழங்குக்குள் வெறுங்கையை விடுகிற மனிதர், தாய்க்கு முன்னால் வாய் திறக்கமாட்டார். அந்த அம்மா விசாரிக்க ஆள் அனுப்புகிறவரும் இல்லை. தானே வருகிறவர். நேரம் குறித்து, ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறார் என்று செய்தி வந்தது.

நாங்கள் மறைத்தது பிழை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மனிதரை இழக்க எனக்கு மனமில்லை. அன்று அதைவிட வேறொன்றும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மாமாவிடம் போனேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக, "பற்றரியிலை சார்ஜ் இருக்கோ மாமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அவ கேட்டால் நான் சொல்லுவன் பிள்ளை."

"தெரியும்."

"பதினொரு நாள் இருக்க நிண்டது, காட் அடிச்சது, எல்லாம் சொல்லுவன்."

"தெரியும் மாமா. மெசினைப் போட்டிட்டுச் சொல்லுங்கோ."

அன்று பொழுதுபடும்வரை அவருடைய வீட்டில் மெசின் ஓடுவதும் நிற்பதும் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. பழுதாகிவிட்டதோ என்று நான் மதிலடிக்குப் போய்ப்போய் வந்தேன்.

ஞாயிறு காலை வாடகைக் கார் ஒன்று முகப்பில் வந்து நின்றது. கரை வைத்த பருத்திச் சேலையோடு ஒரு அம்மா இறங்கினார். சாரதி காருக்குள்ளேயே இருந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் மதிலுக்கு இந்தப் பக்கம், திருத்துகிற சாட்டில் பரீட்சைத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். அன்று நான் போட்ட புள்ளிகளுக்கு மாணவர்கள் என்னை மன்னிக்கவேண்டும்.

அந்த அம்மா வழி கேட்கிற நாடகம் ஒன்றும் ஆடவில்லை. நேரே கேட்டார்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளையை என்ரை மகனுக்குக் கேட்டிருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்கோ அண்ணை."

"முன் ரயரிலை காத்துக் குறைவு" என்றார் மாமா.

வால்வு புஸ் என்றது. வழமையைவிடக் கொஞ்சம் நீளமாகவே புஸ் என்றது. மெசின் கத்தத் தொடங்கியது. மாமா ரயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வாயசைத்தார். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை; ஆனால் அவர் கை ஒரு அழைப்புக் காட்டை விரிப்பதுபோல விரிந்தது, பிறகு இரண்டு கையும் பத்து விரலைக் காட்டி, மேலே ஒரு விரலையும் காட்டியது. பதினொரு நாள். அந்த அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்தபடி குனிந்து நின்றார். தலையாட்டவில்லை. ஓமோம் என்றதாகவும் தெரியவில்லை.

கார் ரயர் என்றால் மெசின் ஐந்தாறு நிமிடமாவது ஓடவேண்டும். அன்று அது இடைநடுவில் டக்கென்று நின்றது. ஒழுங்கை முழுக்க நிசப்தம். மாமா கதைத்துக்கொண்டேயிருந்தார், அதே குரலில்.

"என்ரை மகளும் கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னம் வந்து, அப்பா, எனக்கு உந்த ஆள் வேண்டாம் எண்டவள். காட் எல்லாம் அடிச்சாச்சு பிள்ளை, இனி ஒண்டும் செய்யேலாது எண்டு நான் சொன்னனான். அவள் அழுதழுது ஓமெண்டவள். ரண்டு வருசம் டென்மார்க்கிலை அவனோடை கிடந்து பட்ட பாட்டை எனக்கு ஏழு வருசத்துக்குப் பிறகுதான் சொன்னவள். இப்ப தனியத்தான் இருக்கிறாள். அவளுக்கு இல்லாத துணிவு இந்தப் பிள்ளைக்கு இருந்தது. அந்தத் தகப்பனுக்கு எனக்கில்லாத புத்தியும் இருந்தது. இதுதான் எனக்குத் தெரிஞ்சது."

மாமா தன் மகளைப்பற்றி ஒரு சொல் சொல்லி ஒழுங்கையில் யாரும் கேட்டதில்லை. யாரும் அவரிடம் அதைக் கேட்காதபடியால் அவர் சொல்லவில்லை. அது பொய்யில் சேராது. இப்போது சத்தமில்லாத ஒரு காலை நேரத்தில், அறிமுகமில்லாத ஒரு பெண்ணுக்கு முன்னால், எனக்காக அதை எடுத்து வைத்துவிட்டார். மதிலுக்கு இந்தப் பக்கம் நான் அழுதேன். பரீட்சைத் தாள் ஒன்று நனைந்தது.

அந்த அம்மா நிமிர்ந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். பிறகு கேட்டார். "ரயர் சரியோ அண்ணை?"

"இல்லை. இன்னும் ஆறு குறைவு. போற வழியிலை எங்கையாவது அடியுங்கோ."

இரண்டு நாளில் சம்மதம் என்று செய்தி வந்தது.

பிறகு மாமாவைப் பிடித்துக்கொண்டேன். மெசின் ஏன் இடையில் நின்றது? முப்பத்துமூன்று வைக்கவேண்டிய இடத்தில் இருபத்தேழை வைத்திருக்கிறார். முதல் நாள் பின்னேரம் முழுக்கத் தன் மோட்டச்சைக்கிளில் பூட்டி, எவ்வளவு காற்று ஏற எவ்வளவு நேரம் என்று பார்த்து, கார் ரயருக்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். "முதல் பாதி சொல்ல ரண்டரை நிமிசம் வேணும். அந்தக் கணக்குக்குத்தான் வைச்சனான்" என்றார். கூண்டில் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்கிற எதிரியைப்போல நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நானோ மூன்று சந்திக்குக் கேட்கச் சிரித்தேன்.

கலியாணம் முடிந்து சாவகச்சேரிக்குப் போனேன். அன்று காரில் வந்த அந்த அம்மா இப்போது என் மாமி; மாமியின் குடும்பத்துக்கு அங்கே ஒரு மில் இருந்தது. மிளகாயும் மல்லியும் அரிசியும் அரைக்கிற மில். இப்போதும் இருக்கிறது. கலியாணமாகி ஒன்பதாம் மாதம் ஒருநாள் மாமிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். இரண்டு மெசினும் ஓடிக்கொண்டிருந்தன. நான் நினைத்தது எனக்கே கேட்கவில்லை. மாமியோ, அந்தப் பக்கம் மிளகாயோடு நின்ற ஒரு கிழவியோடு கோயில் வாசலில் நின்று கதைப்பதுபோலச் சாதாரணமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். கிழவி வாய்க்குள் முணுமுணுத்ததற்கும் மாமி சிரித்துப் பதில் சொன்னார். நான் சாப்பாட்டுக் கேரியரை வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

மெசின் நின்றதும் கேட்டேன். "மாமி, உங்களுக்கு உந்தச் சத்தத்துக்குள்ளை எல்லாம் கேக்குமோ?"

"நாப்பது வருசம் பிள்ளை. வாயைப் பாத்தாலே காணும்."

"அப்ப அண்டைக்கு… அந்தக் காத்தடிக்கிற மெசின்…"

"அதென்ன, நுளம்பு கத்துற மாதிரி ஒரு சாமான்" என்றார் மாமி. மாவைத் தட்டியபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார். "காட் அடிச்சது, மண்டபம் பிடிச்சது, பதினொரு நாள், அலுமாரிக்குப் பின்னாலை போன் கிடந்தது, எல்லாம் கேட்டது."

"ஒண்டும் கேக்கேல்லையே நீங்கள் என்னட்டை."

"நீயும் என்ரை மகனும் அந்த மனிசனும் சேந்து அவ்வளவு பாடுபட்டு மறைச்சனீங்கள். அதை நான் ஏன் குழப்புவான்?" பிறகு ஒரு விரலை உயர்த்தினார். "அந்த மனிசனிட்டைச் சொல்லிப்போடாதை. பாவம், தான் கெட்டித்தனமாச் செய்துபோட்டன் எண்டு சந்தோசமா இருக்கட்டும்."

பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஒருவர் இருந்த ஒழுங்கையிலிருந்து, எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காத வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். மாமியைக் கட்டிப்பிடித்தேன். மிளகாய்த்தூள் கண்ணில் பட்டு இரண்டு பேரும் அழுதோம்; அப்படித்தான் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னோம்.

மாமாவிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தேன். போன வருடம் மகள் அவரை டென்மார்க்குக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். பயணத்துக்கு நாலு நாள் முன்பு பார்க்கப் போனேன். வெறுந்தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அவருக்குச் சலரோகம், ஆகவே வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சலரோகம் என்ற மாதிரிச் சீனியில்லாமல்தான் தருவார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஊற்றலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, ஒரு விசயம்" என்றார். "உன்ரை மாமிக்கு நான் செய்தது பொய்யோ?"

"என்ன மாமா கதைக்கிறியள்?"

"மற்றவையளுக்கு மெசின் தன்ரை பாட்டிலை ஓடினது. உன்ரை விசயத்திலை நான் கணக்குப் பாத்து நிப்பாட்டினனான். இந்தப் பாதி கேக்கக்கூடாது, இந்தப் பாதி கேக்கவேணும் எண்டு. ரண்டு வருசமாச் சரியா நித்திரை இல்லை. அந்த மனிசியை நான் ஏமாத்திப்போட்டன்."

மாமியின் விரல் கண்ணுக்கு முன் வந்தது. அந்த விரலை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மில்லைச் சொன்னேன், நுளம்பைச் சொன்னேன், மாமி ஒன்றுவிடாமல் ஒப்புவித்ததைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் தெளிந்தது. இரண்டு வருடத்து மூச்சு ஒன்றை வெளியே விட்டார். பிறகு அந்த முகத்திலேயே வேறொன்று ஓடியது.

"பொறு" என்றார். "அப்ப மற்றவைக்கும் கேட்டிருக்குமோ?"

நான் அதை யோசித்திருக்கவில்லை.

"அந்தக் கிணத்துக்குள்ளை கோப்பை எறியிற பிள்ளை… அவர் மூண்டுதரம் ஓமோம் எண்டவர்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஆறு கலியாணம். ஆறு பேர் மாமாவின் முற்றத்து மாமரத்துக்குக் கீழே நின்று, மகனுக்குப் பார்த்த பெட்டையின் குறையையும், மகளுக்குப் பார்த்த பொடியனின் குறையையும் காதால் கேட்டு, ஓமோம் என்று தலையாட்டி, வீட்டுக்குப் போய்ச் சம்மதம் என்று சொல்லியிருப்பார்களோ? கேட்கவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது அவர்களுக்கும் வசதியாக இருந்திருக்குமோ?

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. பயணப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த மெசினைத் தூக்கிக்கொண்டுவந்து என் ஸ்கூட்டியில் பூட்டினார். "நீ இதிலை குந்தி, என்ரை குரல் அளவிலை ஏதாவது சொல்லு. நான் அவை நிக்கிற இடத்திலை நிக்கிறன். கேக்குதோ எண்டு பாப்பம்." போய் மாமரத்துக்குக் கீழே, விசாரிக்க வருகிறவரைப்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மெசினைப் போட்டேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

"மாமா, உங்கடை மகளின்ரை கதையை நீங்கள் எனக்காகச் சொன்னதை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன். நீங்கள் போறது எனக்குத் தாங்கேலாமல் இருக்கு. அங்கை போய் அவளோடை சந்தோசமா இருங்கோ." ரயரில் காற்று நிரம்ப இன்னும் இரண்டு இலக்கம் இருந்தது. "மற்றது, உங்கடை தேத்தண்ணியை மனிசர் குடிக்கேலாது."

மெசின் நின்றது. அவர் மாமரத்தடியிலேயே நின்றார். மேல் துண்டால் முகத்தை ஒருதரம் துடைத்தார், இன்னொருதரமும் துடைத்தார்.

"கேட்டதோ மாமா?" என்றேன்.

"ஒண்டும் கேக்கேல்லை பிள்ளை" என்றார்.

கிட்ட வந்தார். என் கையில் இருந்த கோப்பையை வாங்கி, இருந்த தேத்தண்ணியை வாழை அடியில் ஊற்றினார். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்துப் புதிதாக ஊற்றிக்கொண்டு வந்தார். கரையாத சீனி அடியில் ஒரு விரல் கிடந்தது. ஒரு சொல்லும் சொல்லாமல் அடிவரைக்கும் குடித்தேன்.